இரண்டு பக்கமும் கால் எட்டும் படகு

நேற்றுக் காலை நம் ராயப்பன்பட்டிப் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டு படகுகள் வந்து நின்றன. அனுப்பியது வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள். அவள் வீட்டுக்காரர் இடுக்கிப் பக்கம் ஏரிக்கரையில் ஒரு தோட்டம் வாங்கியிருக்கிறாராம், இனி மீன் பிடித்துப் பொழுதைக் கழிக்கப் போகிறாராம். இரண்டுமே அலுமினியப் படகு. ஒன்று பதினாறடி, இன்னொன்று பன்னிரண்டடி. எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தாள். நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் நீங்கள் எல்லோரும் ‘பெரியது, பெரியது’ என்று எழுதித் தள்ளிவிட்டீர்கள். பேரப்பிள்ளைகள் வந்தால் ஏற்றலாமாம். சாப்பாட்டுக் கூடை வைக்க இடம் வேண்டுமாம். மீனைக் குழம்புச் சட்டிக்கு வெளியே பார்த்தே இராதவள்கூட அடித்துச் சொல்கிறாள்.

நான் சின்னதை வாங்கச் சொல்கிறேன். ஏன் என்று கேட்டால் கட்டைவிரலால் தட்டி முடிகிற பதில் இல்லை அது. ஒரு கோடை முழுவதையும் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வாக்கு வாங்கிக்கொண்டவள் போன ஆவணியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். இனிமேல் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை.

நாம் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை அது. பள்ளி திறந்தபோது நான் கறுத்துப் போய், கருவாட்டு வாடையோடு வந்து நின்றேன். பெஞ்சில் நீங்கள் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தீர்கள். நீங்கள் மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை. அம்மாவுக்கு அப்போது மசக்கை. சோற்றைக் கண்டாலே ஓங்கரித்துக்கொண்டிருந்தாள். என்னையும் சேர்த்துச் சமாளிக்க முடியாமல், வைகை அணைக்கரையில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். திராட்சைப் பந்தலுக்கு அடியில் வளர்ந்த எனக்கு அந்த இடம் வேறு தேசமாக இருந்தது.

கோடையில் அணைத் தண்ணீர் கண்ணுக்கெட்டாத தூரம் உள்வாங்கிப் போய்விடும். வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே வெடித்துக் கிடக்கிற வண்டல். மிதித்தால் அப்பளம் மாதிரி நொறுங்கும். அதைத் தாண்டினால் சேறு, அதற்கப்புறம்தான் தண்ணீர். தண்ணீருக்குள்ளே ஆங்காங்கே பட்ட மரக் கட்டைகள் நின்றன. அணை கட்டும்போது முங்கிப்போன தோப்புகளாம். நிறைந்த தண்ணீரில் அவை ஆழத்தில் கிடக்கும். வற்றிய தண்ணீரில் மேலே தலைநீட்டி நிற்கும், அல்லது ஒரு சாண் கீழே ஒளிந்து நிற்கும். ஒளிந்து நிற்பவைதான் எமன். வலையையும் கிழிக்கும், பரிசலையும் கிழிக்கும்.

மாமாவும் அத்தையும் ஒரே பரிசலில் போய்த்தான் மீன் பிடித்தார்கள். அங்கே தொழிலே அப்படித்தான். சாயங்காலம் போய் வலை விட வேண்டும், வெளிச்சம் வருகிற நேரத்தில் போய் எடுக்க வேண்டும். புருஷன் பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போடுவான். பெண்டாட்டி முன்னால் உட்கார்ந்து மடியில் இருக்கிற வலையைச் சிக்கில்லாமல் தண்ணீரில் விட்டுக்கொண்டே போவாள். இருவருக்கும் சண்டையென்றால் அன்றைக்கு மீன் கிடையாது. அதனாலேயே அந்தக் கரையில் பெரிய சண்டைகள் எல்லாம் காலையிலேயே நடந்து முடிந்துவிடும்.

மாமாவைப் போல வலைக்காரர் அந்தக் கரையில் இல்லை என்பார்கள். எங்கே கெண்டை மேயும், எங்கே ஜிலேபி மீன் ஒதுங்கும் என்று காற்றை மோந்தே சொல்வார். தண்ணீரில் இருக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், கல்யாண வீட்டில் இருக்கிற முகம். கரையேறினால் ஒரு சுற்று இளைத்துவிட்ட மாதிரி இருப்பார். நிலம் கிடையாது, வேறு வேலை தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் கிடையாது.

அத்தைக்கு வாய்தான் பேர். ஊரே வாயாடி என்றது. தண்ணீர்மேல் குரல் வெகுதூரம் போகும், அத்தையின் குரலைக் கேட்கவே வேண்டாம். பொழுது சாய்ந்து பரிசல் உள்ளே போனதும் ஆரம்பித்துவிடுவாள். “இங்கன ஒரு கட்ட நிக்கிது, அங்கன ஒடிங்க. ம், இன்னும் கொஞ்சம். போதும் போதும், நேரா விடுங்க. என்ன தூங்குறீகளா?” கரையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஓட்டுவது அவள், துடுப்புப் போடுவது மட்டும்தான் அவன் என்பார்கள். என் அம்மாவுக்கு இது பெரிய மனத்தாங்கல். எங்க அண்ணனைத் தண்ணீரில்கூட நிம்மதியாக விட மாட்டேன் என்கிறாளே என்று அப்பாவிடம் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறாள்.

இன்னொரு புகாரும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அத்தை ஆட்டு ஈரல் வாங்குவாள். மிளகு தட்டிப்போட்டு மண்சட்டியில் சுருளச் சுருள வதக்குவாள். மற்ற நாளெல்லாம் முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணிக்கீரை. மீன்காரன் வீட்டில் மீனைத் தவிர மற்றதெல்லாம் வேகிறது என்று பக்கத்து வீட்டுக்காரி பழித்தாள். கறி எடுக்க வக்கில்லாத வீட்டில் ஈரல் கேட்கிறதோ என்று அம்மாவும் சொன்னாள். ஈரல் முழுவதும் மாமா தட்டுக்குத்தான் போகும். எனக்கு ஒரு துண்டு உதட்டில் படும். அந்த ருசி இன்னும் இருக்கிறது.

சாயங்காலம் கரையிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போது மாமா என் தோளில் கை போட்டுக்கொள்வார். “வா மருமகளே” என்பார். என் மேல் அவருக்கு அவ்வளவு பாசம் என்று எனக்கு ஒரே பெருமை. ஒரு நாள் நடந்துவருகிற வழியில் ஓர் ஆட்டுக்குட்டி துள்ளிக்கொண்டு ஓடியது. நான் அவர் கையை உதறிவிட்டு அதன் பின்னால் ஓடினேன். திரும்பிப் பார்த்தால் மாமா விட்ட இடத்திலேயே நிற்கிறார். எனக்கு இன்னும் நன்றாக வெளிச்சம் இருந்தது. ஆட்டுக்குட்டியின் காதில் இருந்த மச்சம்கூடத் தெரிந்தது. அவரோ ஒரு காலை முன்னால் நீட்டித் தரையைத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி இழுத்துக்கொண்டார். பிறகு சத்தமாக ஒரு பாட்டைப் பாட ஆரம்பித்தார். யாராவது வரட்டும் என்றுதான்.

அத்தை பின்னாலிருந்து வலைக்கட்டோடு வந்தாள். நின்று எதுவும் கேட்கவில்லை. “இந்தக் கழுத எங்க ஓடுச்சு? இந்தாங்க, எனக்குக் கனக்குது, இந்த முனையப் பிடிங்க” என்று வலையின் ஒரு நுனியை அவர் கையில் கொடுத்துவிட்டு, மறு நுனியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வலை இழுத்த இழுப்புக்கு மாமா பின்னாலேயே வீடு வந்து சேர்ந்தார்.

அன்று அடுப்படியில் வைத்து என் காதைத் திருகினாள். திருகிவிட்டு, அதே கையால் தடவியும் கொடுத்தாள்.

“அவுகளுக்குப் பொழுது சாஞ்சா கண்ணு தெரியாதுடி. மாலக்கண்ணு. ரெண்டு வருசமாச்சு. எனக்குத் தெரியும்னு அவுகளுக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரிக் காட்டுனேன்னு வையி, மறுநா அணைக்கு வர மாட்டாக. தண்ணிக்குப் போகாம அவுக இருக்க மாட்டாக. வெளிய தெரிஞ்சாலோ சங்கத்துல மீன்பிடி அட்டையப் பிடுங்கிருவாக. ஒங்கம்மாகிட்டக்கூட மூச்சு விடக் கூடாது, என்ன?”

நான் தலையில் அடித்து வாக்குக் கொடுத்தேன். மறுநாள் சாயங்காலம் பரிசலில் நடுவே உட்கார்ந்துகொண்டு அத்தையின் பேச்சைக் கேட்டபோது எனக்கு வேறு மாதிரிக் கேட்டது. ஊர் சிரித்த அந்தப் பேச்சில் ஒரு வார்த்தை வீண் கிடையாது. அவள் இருமினால் துடுப்பு நின்றது. அவள் மூச்சு வாங்கினால் பரிசல் தயங்கியது. ஒரு மனுஷனைப் பேசியே தண்ணீருக்குள் கூட்டிப் போய்ப் பேசியே கூட்டி வந்துகொண்டிருந்தாள். ஈரலும் கீரையும் எதற்கென்றும் அப்போதுதான் புரிந்தது. ஈரலுக்கும் கீரைக்கும் கேட்கிற கண் வியாதி இல்லை அது என்பது பிற்காலத்தில் டாக்டர் சொல்லித் தெரிந்தது. அவள் சமைப்பதை நிறுத்தவில்லை.

ஆனியும் ஆடியும்தான் அத்தைக்குப் பயம். நம் பள்ளத்தாக்கின் காற்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அணைத் தண்ணீர்மேல் அது அடித்தால் பரிசல் தட்டாமாலை சுற்றும், பேச்சையும் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். அதற்கு முந்தின ஆடியில் அப்படித்தான் அவள் கத்தியது காதில் விழாமல் ஒளிந்திருந்த கட்டையில் பரிசல் ஏறிக் கிழிந்து, இருவரும் தண்ணீரை அள்ளி அள்ளிக் கொட்டிக் கரை சேர்ந்திருக்கிறார்கள். இனிப் பரிசல் வேண்டாம், படகுதான் என்று மாமா முடிவு செய்தது அதனால்தான்.

படகு இருக்கிற இடத்தைச் சொன்னது சின்ன மாமா, மாமாவின் தம்பி. கூடலூரில் ஒரு காண்ட்ராக்டர் மலைக்கு அந்தப் பக்கம் ஏதோ ஏரியை அளக்கிற வேலைக்காக இரண்டு அலுமினியப் படகு வாங்கியிருந்தாராம். வேலை முடிந்துவிட்டது, தள்ளிவிடப் பார்க்கிறாராம். பெரியது பழையது, சின்னது புதிது, அதனால் ஏறக்குறைய ஒரே விலைக்குச் சொன்னார். பெரியதை எடுத்தால் தானும் வருகிறேன் என்றார் சின்ன மாமா.

இங்கேதான் சிக்கல். பெரிய படகென்றால் இன்னோர் ஆம்பளை வேண்டும். சொந்தத் தம்பி இருக்கும்போது வேறு யாரையும் ஏற்ற முடியாது, ஊர் பேசும். ஆம்பளைகள் இரண்டு பேர் ஆனபிறகு பெண்பிள்ளைக்குப் படகில் என்ன வேலை என்றும் ஊர் பேசும். அத்தை கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்த வேண்டியதுதான். சின்ன மாமா கெட்டவர் இல்லை. பாசக்காரர், உழைப்பாளி. வாய் மட்டும் ஓட்டை. முதல் சாயங்காலமே அவருக்கு விஷயம் தெரியும், மறுநாள் டீக்கடை திறந்ததும் ஆண்டிபட்டி வரைக்கும் தெரியும். மாமா அதோடு கரையேற வேண்டியதுதான். அதுதான் பயணம் முழுக்க அத்தையின் முகத்தில் இருந்தது. எனக்கு மட்டும் அது தெரிந்தது.

நாங்கள் நாலு பேரும் பஸ் ஏறிக் கூடலூர் போனோம். அந்தக் காலத்தில் கூடலூர்க் கடைவீதியில் இறங்கினாலே ஏலக்காய் வாசம் மூக்கில் ஏறும். காண்ட்ராக்டரின் சரக்குக் கிட்டங்கி முற்றத்தில், சாக்கு விரித்து அதன் மேல் இரண்டு படகுகளும் கிடந்தன. உச்சி வெயில். அலுமினியம் கண்ணைக் குத்தியது. மாமா பெரியதைப் பார்த்ததும் சொக்கிப் போனார். விலாவைத் தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், குனிந்து அடியைப் பார்த்தார். சின்ன மாமா அதற்குள் ஏறி நடுப்பலகையில் உட்கார்ந்தே விட்டார். வலியதுதான் நல்லது, வலியதை எடுத்தோ என்று காண்ட்ராக்டர் பெரியதைக் காட்டிப் பாதி மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். கிட்டங்கியில் ஏலக்காய் புடைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட வந்து பெரியதுக்கே ஓட்டுப் போட்டார்கள். அன்றைக்கு முற்றத்தில் இருந்தவர்களும் நேற்று நம் குழுவில் இருந்தவர்களும் ஒரே ஜாடை.

அத்தை முதலில் நியாயம் பேசிப் பார்த்தாள். கோடையில் சேற்றில் தூக்கிப் போக வேண்டுமே, பெரியது கனக்குமே என்றாள். நாங்கள் ஆம்பளைகள் தூக்கிக்கொள்கிறோம் என்றார் சின்ன மாமா. கட்டைகளுக்கு நடுவே நுழையாதே என்றாள். நுழையாத இடத்தில் நமக்கென்ன வேலை, ஆழத்துக்குப் போவோம் என்றார். ஒவ்வொன்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. கடைசியில் அத்தை, ரெண்டு பேர் போதும், எங்களுக்குச் சின்னதே இருக்கட்டும் என்றாள்.

சின்ன மாமாவின் முகம் சுண்டிப் போனது. “அப்ப என்ய ஒதுக்குறீகளா மதினி?” என்று கேட்டார்.

முற்றமே அத்தையைப் பார்த்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். காரணத்தைச் சொல்லியிருக்கலாம். அவள் இரண்டையும் சொல்லவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்ச் சின்னப் படகுக்குள் ஏறினாள். கொதிக்கிற தகரத்தில் துண்டை நனைத்து விரித்து, படகின் மூக்குப் பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தாள். மாமாவிடம், “நீங்க பின்னால ஒக்காருங்க. துடுப்ப எடுங்க, பாப்போம்” என்றாள்.

காய்ந்த முற்றத்தில் படகில் உட்காரச் சொல்கிறாளே என்று எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தார். அத்தை இரண்டு காலையும் முன்னால் நீட்டினாள். மூக்குப் பக்கம் படகு குறுகுகிறது இல்லையா, வலது கால் வலப்பக்கத் தகரத்திலும் இடது கால் இடப்பக்கத் தகரத்திலும் சரியாக எட்டியது. மடியில் வலை இருக்கிறமாதிரி இரண்டு கையையும் வைத்துக்கொண்டாள். பிறகு இடது காலை லேசாக அசைத்தாள். மெட்டி தகரத்தில் பட்டு ‘டங்’ என்றது.

மாமாவின் துடுப்பு தானாக இடப்பக்கம் சாய்ந்தது.

வலது காலை அசைத்தாள். துடுப்பு வலப்பக்கம் வந்தது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கிப் போய்ப் பெரிய படகிலும் அதேபோல உட்கார்ந்தாள். கால் ஒரு பக்கம் எட்டியது, மறுபக்கம் எட்டவில்லை. நகர்ந்து உட்கார்ந்தும் எட்டவில்லை. படகு வாங்க வந்தாளா, தொட்டில் வாங்க வந்தாளா என்று யாரோ கேட்டார்கள், மறுபடி ஒரு சிரிப்பு. மாமா மட்டும் சிரிக்கவில்லை. அவர் அத்தையின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உச்சி வெயிலில் அவருக்குக் கண் நன்றாகத் தெரியும். நான் அவர் பக்கத்தில் நின்றேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வைக்காகத்தான் என்று முற்றம் நினைத்திருக்கும்.

“சின்னதே எடுப்போம்” என்றார்.

பெண்டாட்டி காலால் சொல்கிறாள், புருஷன் தலையால் கேட்கிறான் என்று காண்ட்ராக்டர் மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார். சின்ன மாமா யாரிடமும் சொல்லாமல் தனியாக பஸ் ஏறிப் போய்விட்டார்.

சின்னதாக இருந்ததால் ஒரு ஜீப்பின் தலையிலேயே படகைக் கவிழ்த்துக் கட்ட முடிந்தது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வழியெல்லாம் பிள்ளைகள் பின்னால் ஓடிவந்தார்கள். வீரபாண்டிக்கு வரும்போது சித்திரைத் திருவிழாக் கூட்டம். அக்கினிச்சட்டி எடுத்து வருகிறவர்களுக்கு வழிவிட்டு ஜீப் நின்றது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கயிறு தளர்ந்து படகு ஒரு பக்கம் சரிவதைப் பார்த்த டிரைவர், மேலே ஏறி இறுக்குங்கள் அண்ணே என்று மாமாவிடம் சொன்னார். மாமா ஜீப்பின் கம்பியைத் தடவிப் பிடித்தார். அடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

அத்தை சேலையை வரிந்து கட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஏறிவிட்டாள். நேர்த்திக்கடன் கூட்டம் மொத்தமும் பார்க்க, ஜீப் தலையில் முழங்காலூன்றி நின்று கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சுப் போட்டாள். ஆம்பள கீழ நிக்கிறான், பொம்பள மேல நிக்கிறா என்று ஒரு கிழவர் காறித் துப்பினார். ஒரு சட்டியின் தீ வெளிச்சம் அலுமினியத்தில் பட்டு, அவள் முகம் முழுக்கத் தகதகவென்றிருந்தது. எனக்கு அம்மனே ஏறி நிற்கிற மாதிரி இருந்தது. இப்போது சொல்லும்போதும் உடம்பு சிலிர்க்கிறது. இறங்கி வந்தவள், மேல எறும்பாத் திரியுது, அவுகளுக்கு எறும்புன்னா ஆகாது என்று டிரைவரிடம் சொன்னாள். ஜீப் தலையில் எறும்பு எங்கிருந்து வரும்? டிரைவரும் கேட்கவில்லை.

புதுப் படகு தண்ணீரில் இறங்கிய முதல் சாயங்காலம் நானும் போனேன். மாமா பின்னால், அத்தை முன்னால், நடுவே மீன்கூடையோடு நான். வலது மெட்டி தட்டினால் வலப்பக்கம். இடது தட்டினால் இடப்பக்கம். இரண்டும் சேர்ந்து தட்டினால் கரை வந்துவிட்டது, துடுப்பை எடு என்று அர்த்தம். கை வலையில், கால் படகில், வாய்க்கு வேலையே இல்லை. அன்றுதான் அணைத் தண்ணீரின் சத்தத்தை முதல் தடவையாகக் கேட்டேன். எங்கோ மீன் துள்ளியது, கட்டைமேல் இருந்த நீர்க்காகம் சிறகை உதறியது. மாமா பாடிக்கொண்டே துடுப்புப் போட்டார். யாரையும் வரவழைப்பதற்காக இல்லாமல், சும்மா பாடினார். ஆடிக் காற்றிலும் அந்த ‘டங்’ தகரம் வழியாகவே அவர் உட்கார்ந்திருந்த பலகைக்குப் போய்விடுமாம்.

ஊருக்கு அதுவும் பொறுக்கவில்லை. புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றுபோய்விட்டது, தம்பியைப் பிரித்த பாவம் சும்மா விடுமா என்றார்கள். பேசினால் வாயாடி, பேசாவிட்டால் சண்டைக்காரி. பெரிய படகைச் சின்ன மாமா வேறு இருவரைச் சேர்த்துக்கொண்டு வாங்கினார். யார் முன்னால், யார் பின்னால் என்று மூவருக்கும் ஒத்துப்போகாமல், சில வருஷத்தில் அது கரையிலேயே கிடந்து, பிறகு பாத்திரக்காரனுக்கு எடைக்குப் போனது. அத்தையைக் குடும்பத்தைப் பிரித்தவள் என்று சொல்வதை மட்டும் அவர் விடவில்லை. என் அம்மாவும் கண்ணை மூடும்வரை அதை நம்பினாள்.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்தபிறகு ஒரு நாள் அத்தையிடம் கேட்டேன். சின்ன மாமாவிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாமே, இத்தனை கெட்ட பேர் உனக்கு எதற்கு என்றேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்.

“எம் பேரு கெட்டா என்னத்தா, மறுநாளும் நான் கஞ்சி குடிப்பேன். அவுக பேரு கெட்டா அவுக குடிக்க மாட்டாக.”

மாமாவுக்கு, உனக்குத் தெரியும் என்பது தெரியுமா என்றும் கேட்டேன். அவுகளும் கேக்கல, நானும் சொல்லல என்று சிரித்தாள். இருபது வருஷத்துக்கு மேல் அந்தப் படகில் அப்படியே போய்வந்திருக்கிறார்கள். நானும் பெரிய பெரிய படிப்புப் படித்தவர்களின் குடித்தனத்தையெல்லாம் பார்த்துவிட்டேன். இப்படி ஒன்றைப் பார்க்கவில்லை.

ஆகையால், தோழி, பெரியதை வாங்கு, சின்னதை வாங்கு, உன் பாடு. வாங்குவதற்கு முன்னால் நீயும் உன் வீட்டுக்காரரும் போய் உள்ளே ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது. மிச்சம் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாமா கடைசியில் பகலிலும் கண் மங்கி, தண்ணீருக்குப் போவதை நிறுத்தினார். படகு வீட்டு முன்னால் வேப்பமரத்தடியில் கிடந்தது. அதில் கோழி முட்டையிட்டது. சாயங்காலங்களில் மாமா அதன் விலாவில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாளில்தான் போனார்.

நான் போய்ச் சேரும்போது குளிப்பாட்டி மாலை போட்டிருந்தார்கள். அத்தை அழவில்லை. பாடையைத் தூக்கும் நேரத்தில், மெட்டியைக் கழற்ற வேண்டும் என்று பெண்கள் அவள் காலடிக்கு வந்தார்கள். செத்தப் பொறுங்க என்று எழுந்து போய்ப் படகுக்குள் ஏறினாள். கோழிக்கூளத்தைக் கையால் ஒதுக்கிவிட்டு, மூக்குப் பக்கம் பார்த்து உட்கார்ந்து, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டாள். புத்தி பேதலித்துவிட்டது என்று பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். இழுத்து இறக்கப் போனவர்களை நான்தான் தடுத்தேன். விடுங்கள், கொஞ்ச நேரம் விடுங்கள் என்றேன்.

சின்ன மாமா பாடையின் முன்கொம்பைப் பிடித்திருந்தார். சுடுகாடும் அணைக்கரையில்தான். தெரு முனையில் வலப்பக்கம் திரும்பினால்தான் கரைக்குப் போகிற பாதை. பாடை முனைக்குப் போனதும் அத்தையின் வலது மெட்டி தட்டியது. பாடை வலப்பக்கம் திரும்பி மறைந்தது. அதற்கப்புறம் எங்களுக்குச் சங்குச் சத்தமும் வேட்டுச் சத்தமும் மட்டும்தான். அத்தை கண்ணை மூடிக்கொண்டாள். வாய்க்கால் பாலம் வருகிற இடத்தில் இடது கால் தட்டியது. புளியமரம் வருகிற இடத்தில் வலது கால். அந்தப் பாதையை அவரோடு எத்தனை சாயங்காலம் நடந்திருப்பாள்.

கரைப்பக்கம் கடைசி வேட்டு வெடித்து, சங்கு நின்றது. அத்தை கொஞ்சம் காத்திருந்தாள். பிறகு இரண்டு காலும் சேர்ந்து ஒரு தடவை தட்டின.

கண்ணைத் திறந்து, கால் இரண்டையும் படகுக்கு வெளியே பெண்கள் பக்கம் நீட்டினாள்.

“கரை வந்துருச்சு. இப்பக் கழட்டிக்கங்க” என்றாள்.